அந்த அஞ்சு பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்க?

[ஒலிப்பதிவிலிருந்து வாசிப்புக்கு ஏற்றபடி சுருக்கித் தொகுக்கப்பட்டது]

இன்னைக்கு எபிசோடு, ஒரு ஒயிட் போர்டுல இருந்து ஒரு சின்ன காந்தத்தை நான் கழட்டி எடுத்த கதை. கேட்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா அந்தக் காந்தத்துல 17 வயசுப் பையன் ஒருத்தனோட பேர் எழுதியிருந்தது.

முதல்ல நான் அங்கே எப்படிப் போனேன்னு சொல்லிடறேன். 2021 ஆகஸ்ட். எம்.எஸ். படிக்க அமெரிக்காவில் மிட்வெஸ்ட் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். எதுன்னு சொல்ல மாட்டேன், முடிக்கும்போது காரணம் உங்களுக்கே புரியும். ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிறவங்க கேம்பஸுக்குள்ளே வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ரூம்மேட்ஸ் லைப்ரரி, டைனிங் ஹால்னு சேர்ந்துட்டாங்க. எனக்குக் கிடைச்சது ஃபுட்பால் டீமோட வீடியோ ஆபீஸ். ரெஸ்யூமேல 'வீடியோ எடிட்டிங் தெரியும்'னு போட்டிருந்தேன். உண்மையில் சித்தப்பா பொண்ணு கல்யாண வீடியோவை எடிட் பண்ணின அனுபவம்தான்!

ஃபுட்பால்னா நம்ம ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட், தோள் கவசம் போட்டுக்கிட்டு, ரெண்டு முனையும் கூரா இருக்கிற பந்தை வச்சு ஆடுற அமெரிக்கன் ஃபுட்பால். டிவியில் பார்க்கும்போது கேமரா எப்பவும் பந்து பின்னாடிதான் போகும். குவார்ட்டர்பேக் எறியறார், இன்னொருத்தர் பிடிக்கிறார், கூட்டம் கத்துது. ஆனா அந்தக் குவார்ட்டர்பேக் எறியறதுக்கு அவருக்கு ரெண்டரை, மூணு செகண்ட் வேணும். அந்த மூணு செகண்டை வாங்கித் தர்றவங்கதான் முன்னாடி நிக்கிற அஞ்சு பேர். நடுவில் சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, ஓரங்கள்ல டேக்கிள். சேர்த்து ஆஃபென்சிவ் லைன்னு சொல்வாங்க. ஒவ்வொருத்தரும் பெரும்பாலும் 135 கிலோவுக்கு மேல.

கபடியில் செயின் போட்டு நிக்கிற டிஃபென்ஸை நினைச்சுக்கோங்க. ஒருத்தர் அரை அடி தப்பா வச்சா மொத்தச் செயினும் உடையும். இவங்க கை கோத்துக்க மாட்டாங்க, ஆனா அதே ஒத்திசைவு வேணும். ஒரே வித்தியாசம், கபடியில் பிடிச்சவருக்குப் பாயின்ட் எழுதுவாங்க. இந்த அஞ்சு பேருக்கு ஸ்கோர்போர்டில் எதுவுமே கிடையாது. சாதாரணமா பந்தைப் பாஸ் வாங்கக்கூட விதியில் அனுமதி இல்லை. எதிராளி சட்டையைப் பிடிச்சு இழுத்து மாட்டினா மட்டும் மைதானம் முழுக்கக் கேக்குற மாதிரி ரெஃப்ரி அவங்க நம்பரை அறிவிப்பார்.

'தோத்த பத்து கிளிப்பைக் காட்டு'

என் வேலை என்னன்னா, ஊர் ஊரா ஹைஸ்கூல் பசங்க அனுப்புற வீடியோவை வகைப்படுத்தி வைக்கறது. அமெரிக்காவில் ஹைஸ்கூல் டீம்கள் ஹடில்னு ஒரு தளத்தில் மேட்ச் வீடியோவை ஏத்திடுவாங்க. பசங்க அதிலிருந்து தங்களோட சிறந்த காட்சிகளை வெட்டி, பின்னாடி ஒரு பாட்டைப் போட்டு கோச்சுகளுக்கு அனுப்புவாங்க. லைன்மேன் பசங்க வீடியோவில் முக்கால்வாசி 'பேன்கேக்' இருக்கும். எதிராளியைத் தள்ளித் தோசை மாதிரி முதுகு தரையில் படப் போடறதுக்கு அந்தப் பேர்.

எங்க ஆஃபென்சிவ் லைன் கோச் அம்பது வயசு தாண்டினவர். அவருக்குன்னு நான் முதன்முதலா ஒரு ரீல் ரெடி பண்ணினேன். ஒரு பையனோட சூப்பரான பேன்கேக் எல்லாம் அடுக்கி, மியூசிக்கோட. நாப்பது செகண்ட் பார்த்துட்டு நிறுத்தச் சொன்னார். "இவன் தோத்த பத்து கிளிப்பைக் காட்டு"ன்னார்.

எனக்குப் புரியலை. அவர் சொன்ன கணக்கு இது: ஹைஸ்கூலில் 130 கிலோ பையன் எதிரில் 75 கிலோ பையன் நிப்பான். அவனைத் தள்ளறதில் என்ன தெரியப் போகுது? தன்னைவிட வேகமானவன் ஓரமா சுத்திப் போகும்போது இவன் கால் என்ன பண்ணுது? இடுப்பை இறக்கி உக்கார்ந்த மாதிரி நகர்றானா, இல்லை இடுப்பை வளைச்சுக் குனிஞ்சு விழறானா? தோத்ததுக்கு அப்புறம் நிக்கிறானா, பந்து பின்னாடி ஓடறானா? கீழே விழுந்த சொந்த டீம் பையனைத் தூக்கி விடறது யாரு?

அப்புறம்தான் எனக்கு இன்னொரு விஷயம் தெரிஞ்சது. அவருக்குப் பிடிச்ச வீடியோ ஃபுட்பால் வீடியோவே இல்லை. பாஸ்கெட்பால், மல்யுத்தம், குண்டு எறிதல் இதெல்லாம்தான். பாஸ்கெட்பாலில் டிஃபென்ஸ் ஆடற கால் அசைவும், குவார்ட்டர்பேக்கைக் காப்பாத்தற கால் அசைவும் ஒண்ணுதான்னு சொல்வார். ட்ரிஸ்டன் விர்ஃப்ஸ்னு அயோவாவில் ஆடினவர் ஒருத்தர். ஹைஸ்கூலில் மல்யுத்தமும் குண்டு எறிதலும் பண்ணினவர். 2020-ல் என்.எஃப்.எல். சோதனை முகாமில் 145 கிலோ உடம்போட நின்ன இடத்திலிருந்து 36.5 அங்குலம் எகிறினார். அந்த உடம்பு தரையை விட்டுக் கிட்டத்தட்ட மூணடி மேலே!

கையோட நீளத்தையும் அளப்பாங்க. கை குட்டையா இருந்தா எதிராளி முதலில் நெஞ்சில் கை வச்சுடுவான். அடுத்து அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் எவ்வளவு உயரம்னு பார்ப்பாங்க. நம்ம ஊரில் பொண்ணு பார்க்கப் போறப்போகூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கன்னு நான் நினைச்சுப்பேன்.

ஏன் இவ்வளவு?

ஓடறவங்களையும் பந்தைப் பிடிக்கிறவங்களையும் 17 வயசிலேயே ஓரளவு கணிச்சுடலாம். வேகம் இருந்தா இருக்கு. லைன்மேனை அப்படிக் கணிக்க முடியாது. நீங்க தேர்ந்தெடுக்கறது இன்னைக்கு முன்னாடி நிக்கிற பையனை இல்லை. மூணு வருஷம் கழிச்சு வரப்போற உடம்பை. அந்த உடம்பு இன்னும் உலகத்திலேயே இல்லை! 110 கிலோ பையனை 135 ஆக்கணும், வேகம் குறையாம. அது சாப்பாடு, ஜிம், தூக்கம், காலம். அதனாலதான் முதல் வருஷம் மேட்சில் இறக்காம பயிற்சியில் மட்டும் வச்சிருக்கிற வழக்கம் இருக்கு. ரெட்ஷர்ட்னு பேர். அந்த வருஷம் அவனோட நாலு வருஷத் தகுதியில் கழியாது.

கணிப்பு எவ்வளவு தப்பாகும்னு சில உதாரணம் சொல்றேன்.

2013 என்.எஃப்.எல். டிராஃப்ட். நாட்டிலேயே முதலாவதா எடுக்கப்பட்டவர் எரிக் ஃபிஷர், ஒரு டேக்கிள். வந்தது பெரிய பேர் எதுவும் இல்லாத சென்ட்ரல் மிச்சிகனில் இருந்து. அதே வருஷம் நாலாவதா போனவர் லேன் ஜான்சன். அவர் ஹைஸ்கூலில் குவார்ட்டர்பேக். ஜூனியர் காலேஜிலும் குவார்ட்டர்பேக். ஓக்லஹோமா போய் வேற வேற இடத்தில் ஆடிப் பார்த்து, உடம்பு வளர்ந்து வளர்ந்து கடைசியில் டேக்கிள் ஆனவர்.

ஜேசன் கெல்சியை உங்களில் சிலருக்குத் தெரிஞ்சிருக்கும், டெய்லர் ஸ்விஃப்ட் புண்ணியத்தில். அவர் தம்பிதான் ட்ராவிஸ். ஜேசனுக்கு சின்சினாட்டி பல்கலைக்கழகம் ஸ்காலர்ஷிப்பே கொடுக்கலை. 'வாக்-ஆன்', அதாவது சொந்தக் காசில் படிச்சுக்கிட்டு டீமில் இடம் கேட்டு நின்னவர். அதுவும் லைன்மேனா இல்லை, லைன்பேக்கரா. பின்னாடிதான் லைனுக்கு மாத்தினாங்க. அவரோட தலைமுறையில் மிகச் சிறந்த சென்டர்களில் ஒருத்தரா 2024-ல் ஓய்வு பெற்றார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சவர் ரையன் ராம்சிக். விஸ்கான்சின்காரர். ஹைஸ்கூல் முடிச்சதும் வெல்டிங் கத்துக்க டெக்னிக்கல் காலேஜில் சேர்ந்தார். அப்புறம் மனசு மாறி, சொந்த ஊரிலேயே இருந்த டிவிஷன் 3 கல்லூரியில் ஆடினார். டிவிஷன் 3-ன்னா விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அங்கிருந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகம் போய், ஒரு வருஷம் உக்கார்ந்து, ஒரே ஒரு சீசன் ஆடி, 2017 டிராஃப்டில் முதல் ரவுண்டில் போனார்.

இவங்க எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. யாரோ ஒரு கோச் எங்கேயோ ஒரு இடத்தில் காத்திருந்தார்.

அம்மா கேட்ட கேள்வி

இப்போ அந்தப் பையன் கதைக்கு வர்றேன். 2022 ஜூன். ரெண்டாயிரம் பேர்கூட இல்லாத விவசாய ஊர். ஆறடி அஞ்சு அங்குலம், 109 கிலோ. பாஸ்கெட்பால் ஆடுவான், குண்டு எறிவான். பெரிய ரேங்கிங் எதிலும் பேர் இல்லை. அவன் பாஸ்கெட்பால் வீடியோவைக் கண்டுபிடிச்சு கோச்சுகிட்டக் காட்டினது நான்தான். அது எனக்குப் பெரிய பெருமை. கோச் மூணு தடவை பார்த்தார். "ரெண்டு வருஷம் சோறு போட்டா இவன் டேக்கிள்"ன்னார்.

அப்பா அம்மாவோட கேம்பஸுக்கு வந்தான். நான் ஓரமா கேமராவோட நின்னேன். ஜிம், புது லாக்கர் ரூம், சாப்பாட்டு ஹால் எல்லாம் சுத்திக் காட்டினாங்க. கடைசியில் அந்த அம்மா கோச்சுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "வெயில்ல ஓட விடும்போது யார் பக்கத்துல இருப்பாங்க?"

அந்தக் கேள்வி சும்மா வரலை. 2018 மே 29-ம் தேதி மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர்னு 19 வயசு ஆஃபென்சிவ் லைன்மேன் ஓட்டப் பயிற்சியில் வெப்பத் தாக்குதலுக்கு ஆளானார். உடனே ஐஸ் தண்ணியில் இறக்கி உடம்பைக் குளிர வைக்கிறதுதான் அதுக்குச் சிகிச்சை. அதைச் செய்யலை. ஜூன் 13-ம் தேதி இறந்துட்டார். பல்கலைக்கழகத் தலைவரே பகிரங்கமா பொறுப்பேத்துக்கிட்டார். லைன்மேன் பசங்களோட அம்மாக்களுக்கு அந்தப் பேர் மறக்காது. 'பெரிசாகு, பெரிசாகு'ன்னு நாம சொல்ற அந்த உடம்புதான் வெயிலில் சீக்கிரம் சூடாகுது.

கோச் ஒரு நிமிஷம் எதுவும் பேசலை. அப்புறம், "நான் இருப்பேன்"ன்னார். நடிக்கலைன்னுதான் இன்னைக்கும் நம்பறேன். அன்னைக்கே வாய்மொழியா ஸ்காலர்ஷிப் ஆஃபர். பையன் சரின்னான். மத்த ரெண்டு கல்லூரிக்குப் போறதா இருந்ததை ரத்து பண்ணிட்டான். அவன் பேர் எழுதின காந்தம் எங்க போர்டில் ஏறுச்சு.

ஒண்ணு கவனிக்கணும். வாய்மொழி ஆஃபர் ரெண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. டிசம்பரில் கையெழுத்து ஆகிற வரைக்கும் அது வெறும் பேச்சு.

டிசம்பர்

அந்தச் சில வருஷத்தில் விளையாட்டே மாறிக்கிட்டிருந்தது. முன்னாடியெல்லாம் ஒரு மாணவர் வேற கல்லூரிக்கு மாறினா ஒரு வருஷம் ஆடாம உக்காரணும். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 'நான் மாறத் தயார்'னு பேரைப் போட்டா எல்லாக் கல்லூரியும் பார்க்கலாம். 2021-ல் முதல் தடவை மாறறவங்க உக்கார வேண்டாம்னு ஆச்சு. அதே 2021 ஜூலை 1-லிருந்து தன் பேரையும் முகத்தையும் வச்சு மாணவர்கள் சம்பாதிக்கலாம்னு ஆச்சு. டெக்சஸ் பல்கலைக்கழகத்தை ஆதரிக்கிற ஒரு அமைப்பு அங்கே ஸ்காலர்ஷிப்பில் இருக்கிற ஒவ்வொரு ஆஃபென்சிவ் லைன்மேனுக்கும் வருஷத்துக்கு 50,000 டாலர்னு அறிவிச்சது. திட்டத்துக்கு வச்ச பேர் 'பேன்கேக் ஃபேக்டரி'.

எங்க டீம் அந்த 2022 சீசனில் மோசமா ஆடுச்சு. குவார்ட்டர்பேக் வாரா வாரம் தரையில். ஹெட் கோச் வேலை போகும்னு பேச்சு. டிசம்பர் 5-ம் தேதி போர்ட்டல் திறந்தது. 21-ம் தேதி கையெழுத்து நாள். நடுவில் ரெண்டு வாரம் நாங்க தூங்கவே இல்லை. போர்ட்டலில் ரெண்டு டேக்கிள். ரெண்டு பேருக்கும் வயசு 22, 23. ரெண்டு பேரும் 138 கிலோ. காத்திருக்க வேண்டாம், அடுத்த செப்டம்பரே இறக்கலாம். ஸ்காலர்ஷிப் மொத்தம் 85-தான். ரெண்டு பேர் உள்ளே வந்தா யாரோ ரெண்டு பேருக்கு இடம் இல்லை.

ஒரு சாயங்காலம் லைன் கோச் வீடியோ ரூமுக்கு வந்தார். போனை டேபிளில் கவுத்து வச்சார். "அந்த வீட்டுக்குப் பேசிட்டேன்"ன்னார். அப்புறம் போர்டைப் பார்த்து, "அதை எடுத்துடு"ன்னார். அவர் கையால எடுக்கலை. நான் எடுத்தேன். காந்தம் உள்ளங்கையில் சில்லுன்னு இருந்தது. பேரைத் துணியால துடைச்சு டப்பாவில் போட்டேன். மறுபடி உபயோகிக்கணுமில்ல.

அன்னைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கலை. மணிக்கு இவ்வளவு டாலர்னு வாங்கற ஸ்டூடன்ட் வொர்க்கர் கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு சொல்லிக்கிட்டேன். ஆனா அந்தப் பையன் மத்த ரெண்டு கல்லூரிகிட்ட வேண்டாம்னு சொன்னதில் என் வீடியோவுக்கும் பங்கு இருக்கு.

யார் மேல கோபப்படறது?

போர்ட்டல்தான் வில்லன்னு சொல்லி முடிச்சா எனக்கு வசதி. ஆனா முடியலை. வந்த ரெண்டு பேரில் ஒருத்தரோட எனக்குப் பழக்கமாச்சு. முந்தைய கல்லூரியில் மூணு வருஷம் பெஞ்சில். அவரைச் சேர்த்த கோச் அதிக சம்பளத்துக்கு வேற ஊர் போயிட்டார். புதுசா வந்தவர் இவரைக் கண்டுக்கவே இல்லை. கோச் எப்ப வேணும்னாலும் போகலாம், பையன் மட்டும் மாறினா ஒரு வருஷம் தண்டனைன்னு பழைய விதி இருந்தது நியாயமே இல்லை. காசும் அப்படித்தான். ஸ்டேடியம் நிறைய ஆள், டிவி ஒப்பந்தம், கோச்சுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். அடி வாங்கற பசங்களுக்கு மட்டும் படிப்புச் செலவோட சரின்னு பல பத்தாண்டுகள் ஓட்டினாங்க.

ஆக, ஏற்கனவே உள்ளே இருக்கிறவங்களுக்குக் கதவு திறந்தது நல்லது. அதே கதவு, இன்னும் வெளியே நிக்கிற 17 வயசுக்காரன் முகத்தில் இடிக்குது. ரெண்டும் உண்மை. 'ஃப்ரெஷர் வேணும், ஆனா மூணு வருஷ அனுபவம் இருக்கணும்'னு வேலை விளம்பரம் பார்த்திருப்பீங்க. அதேதான் இது. எல்லாரும் ரெடியான ஆளைத் தேடினா, ஆளை ரெடி பண்றது யாரு?

2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த ஹவுஸ் வழக்குச் சமரசத்தால் இப்போ கல்லூரிகளே மாணவர்களுக்கு நேரடியா காசு கொடுக்கலாம். முதல் வருஷம் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். நல்ல விஷயம். கூடவே, அதில் சேர்ற கல்லூரிகளில் ஃபுட்பால் டீமுக்கு மொத்தம் 105 பேர்தான்னு ஒரு வரம்பும் வந்தது. ஸ்காலர்ஷிப் வாங்கறவங்களும் வாக்-ஆன்களும் எல்லாம் அதுக்குள்ளே. முன்னாடி பல டீம்களில் அதைவிட அதிகம் பேர் இருப்பாங்க. குறையறது எந்த இடம்? வாக்-ஆன் இடம். ஜேசன் கெல்சி வந்து நின்ன இடம்.

இப்படித்தான் ஆகணும்னு இல்லை. நாட்டின் சிறந்த ஆஃபென்சிவ் லைனுக்கு ஜோ மூர் விருதுன்னு ஒண்ணு இருக்கு. தனி ஆளுக்குக் கிடையாது, முழு லைனுக்கும் சேர்த்துத்தான். 2024-ல் அதை வாங்கினது ஆர்மி. வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி. வெளியிலிருந்து ரெடிமேட் ஆளைக் கொண்டு வர்றது அங்கே கிட்டத்தட்ட முடியாது. வந்த பசங்களை வளர்த்து, ஒண்ணா நிக்க வச்சு ஜெயிச்சாங்க. லைன்ங்கறது அஞ்சு பெரிய உடம்பு மட்டும் இல்லை. பக்கத்துல இருக்கிறவன் எந்தப் பக்கம் கால் வைப்பான்னு பார்க்காமலே தெரியற பழக்கம். அதைப் போர்ட்டலில் வாங்க முடியாது.

ஒவ்வொரு ஆகஸ்டும்

நான் 2023 மேயில் படிப்பை முடிச்சேன். அந்த லைன் கோச்சும் இப்போ அங்கே இல்லை.

அந்தப் பையன் ஒரு சின்ன கல்லூரியில் சேர்ந்தான். ஒவ்வொரு ஆகஸ்டும் அந்தக் கல்லூரியோட டீம் பட்டியலைத் திறந்து பார்க்கறது எனக்குப் பழக்கமாயிடுச்சு. பேருக்கு எதிரில் உயரம், எடை போட்டிருப்பாங்க. 2023-ல் 111 கிலோ. 2024-ல் 122. 2025-ல் 132. முதல் அஞ்சு பேரில் அவன் இன்னும் இல்லை. வருவானான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அந்த 21 கிலோ சும்மா வராது. யாரோ சமைச்சுப் போட்டிருக்காங்க. யாரோ காலையில் அஞ்சரைக்கு ஜிம் கதவைத் திறந்து வச்சிருக்காங்க. வெயிலில் ஓடும்போது யாரோ ஐஸ் தொட்டியோட பக்கத்துல நின்னிருக்காங்கன்னும் நம்பறேன். நாங்க கொடுக்கறதா சொன்ன ரெண்டு வருஷத்தை வேற யாரோ கொடுத்துக்கிட்டிருக்காங்க.

அடுத்த தடவை ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் கண்ணில் பட்டா, பந்தைப் பார்க்காதீங்க. ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் அந்த அஞ்சு பேர் காலைப் பாருங்க. மூணே செகண்ட்தான்.

இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோடில் பேசுவோம்.